பேர் இல்லாத வியாதியும் அம்மாவுக்கு விழுந்த அரைப்பேரும்

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ‘பேர்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய், சொன்ன கிலோ கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். கிலோ குறைந்தால், நேரம் பிந்தினால் அரைப்பேர். 2020 மார்ச்சிலிருந்து 2021 செப்டம்பர் வரைக்கும் அம்மாவின் சம்பளத் துண்டுகளை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். அரைப்பேர் 31, பேரே இல்லாத நாள் 26. அநேகமாக எல்லாமே தம்பியை டொக்டரிடம் கூட்டிப்போன நாட்கள். அவன் வியாதிக்கும் அந்த ஒன்றரை வருஷமாகப் பேர் இல்லை. ஒவ்வொரு டொக்டரும் ஒவ்வொன்று சொன்னார்கள், அல்லது ஒன்றுமில்லை என்றார்கள். யாராவது முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டோம் என்ற ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார், நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தம்பி 2018இல் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு, எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரையும் போலக் கொழும்புக்குப் போனான். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போடுவதற்கு நாலு நாள் முந்தி பையோடு வந்து நின்றான். மெலிந்து, கறுத்து. “கொழும்பு வெயில், கடைச் சாப்பாடு” என்று அம்மா சொன்னார். முதலாளி அனுப்பிவிட்டார் என்பதை அவன் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னான். ஏணியில் ஏறித் துணிக்கட்டு எடுக்கச் சொன்னால் பாதியில் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடுகிறானாம். மற்றப் பையன்கள் முன்னால் வைத்து சோம்பேறி என்று ஏசியிருக்கிறார்.

அந்த முதலாளியை நான் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு அதே வார்த்தையை நானும் சொன்னேன், எத்தனை தடவை என்று கணக்கில்லை. காலையில் எழும்ப மாட்டான். பீலிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தால் இஸ்தோப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேலே ரோட்டுக்கு ஏறுவதற்கு 87 படி, சின்ன வயதில் நாங்கள் போட்டி போட்டு ஓடிய படி. அதில் மூன்று இடத்தில் உட்காருவான். 21 வயதுப் பையன். “போனை நோண்டிக்கிட்டு ராத்திரி முழிச்சா இப்படித்தான் இருக்கும்” என்று அப்பா சொன்னார். காதல் தோல்வியா, கொழும்பில் ஏதும் போதைத்தூள் பழகிவிட்டானா என்று பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் அவன் தூங்கும்போது பையைச் சோதித்துப் பார்த்தேன். அதில் என்ன இருந்தது தெரியுமா, ஒரு பேப்பரில் மடித்த உப்பு.

உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதில் எங்கள் குசினியிலேயே இருந்தது. தம்பி பிளேன்டியில் உப்புப் போட்டுக் குடித்தான். தேசிக்காய் ஊறுகாய் போத்தலில் அடியில் கிடக்கும் தண்ணீரைக் கரண்டியால் எடுத்துக் குடித்தான். கருவாடு பொரித்தால் சோற்றை விட்டுவிட்டுக் கருவாட்டை மட்டும் தின்றான். இப்படி உப்புத் தின்றால் பிரஷர் வரும் என்று பயந்து அம்மா உப்பு டப்பாவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இன்றைக்கும் அம்மா அதை நினைத்து அழுவார். இன்னொன்று அவன் நிறம். மே மாதத்திலிருந்து இங்கே மழை, மூடுபனி. வெயில் முகமே காணாமல் மூன்று மாதம் வீட்டுக்குள் இருந்தவன் இன்னும் கறுத்துக்கொண்டே போனான். விரல் மொளி, உள்ளங்கை ரேகை, பழைய காயத் தழும்பு எல்லாம் மை தடவின மாதிரி. எங்கள் நிறத்து ஆட்களுக்கு இதெல்லாம் யார் கண்ணில் படும்? அதோடு அது நாங்கள் எல்லாரும் தினமும் பார்க்கிற முகம். ஒவ்வொரு நாளும் துளித்துளியாக மாறுகிறது பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வீட்டில் யாராவது காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டு போனால், ஒன்றிரண்டு வருஷத்துக்கு முந்தின போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டொக்டரிடம் போகும்போதும் அதைக் கையில் கொண்டுபோங்கள்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் போனோம். டிஸ்பென்சரி ஐயா நல்ல மனிதர், ஆனால் அவரிடம் இருந்தது கேஸ்ட்ரிக் மாத்திரையும் விட்டமினும்தான். பிறகு டவுனில் ஒரு டொக்டர். வயிற்றுவலி, குமட்டல் என்றதும் அவரும் கேஸ்ட்ரிக் என்றார். மாத்திரை முடிய முடிய மூன்று மாதம் அவரிடமே போனோம். ஒவ்வொரு தடவையும் 1,200, 1,500. அவர் பிரஷர் பார்க்கும்போது 90க்கு 60 இருந்தது. “வயசுப் பையன், மெலிஞ்ச உடம்பு, லோ பிரஷர் நல்லதுதான்” என்றார். உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பார்த்தார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று அவன் சொன்னான், ஆனால் நிற்க வைத்து யாரும் அளக்கவில்லை. படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள் என்று நோயாளி கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. தோட்டத்தில் வளர்ந்த ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். டீச்சரான எனக்கும் அப்படித்தான்.

அந்த வருஷக் கடைசியில் கண்டியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்று ஸ்பெஷலிஸ்டை சேனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நம்பர் எடுத்தோம். காலை நாலே முக்கால் பஸ்ஸில் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் தம்பி இரண்டு தடவை வாந்தி எடுத்து, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் போய்ச் சேர்ந்தால், மாலை ஐந்துக்குத்தான் எங்கள் நம்பர். உள்ளே இருந்தது ஆறு நிமிஷம். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு 24,000. என் மோதிரமும் அம்மாவின் தோடும் அடகுக்குப் போயின. ரிப்போர்ட்டில் லேசான புண். கேஸ்ட்ரிக் மாத்திரையில் விலை கூடினது எழுதித் தந்தார். பிறகு ஸ்கேன், அதிலும் குறிப்பாக ஒன்றுமில்லை. ‘ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது சந்தோஷப்பட வேண்டும்தானே? நான் பஸ்ஸில் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் வந்தேன். 24,000 கொடுத்து நீ நடிக்கிறாய் என்று கண்டுபிடித்த மாதிரி ஒரு எரிச்சல். அவனுக்கு அது புரிந்திருந்தது. வீடு வரும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் முதலிலேயே போகவில்லை என்று கேட்பீர்கள். போனோம். ஓ.பி.டி.யில் வரிசை, கொரோனாப் பயம், அதற்கு மேல் பாஷை. ஒருநாள் அம்மா மட்டும் கூடப் போனார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அங்கே வேலை செய்கிற ஒருவர் இடையில் நின்று சொல்லியிருக்கிறார். தம்பி ‘எழும்பினா தலை சுத்துது’ என்றான். அது சிங்களத்தில் ‘ஒலுவ ரிதெனவா’, அதாவது தலைவலி என்று போனது. ‘ஒரு வேலையும் செய்ய முடியல’ என்றது ‘கம்மெலி’ என்று போனது. கம்மெலி என்றால் சோம்பல். தம்பிக்குக் கொழும்பில் இருந்ததால் சிங்களம் விளங்கும். முதலாளி சொன்ன அதே வார்த்தை டொக்டரின் மேசைக்கும் போனதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் பனடோல் எழுதின துண்டோடு வந்துவிட்டான். இதற்கு நான் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். போவதற்கு முந்தின நாளே நோயின் குறிகளைச் சிங்களத்தில் ஐந்து வரிக்கு மேல் போகாமல் எழுதி வாங்கிக்கொள்வது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிற மிஸ் எழுதித் தந்தார். எப்போது தொடங்கியது, எத்தனை கிலோ குறைந்தது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, இதுவரை குடித்த மருந்து. இந்த ஐந்தும் போதும். அந்தத் துண்டை நீட்டின பிறகு டொக்டர்மார் எங்களோடு பேசுகிற விதமே மாறியது.

2021 ஜனவரியில் ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துத் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால் அவன் பொய் சொல்கிறானா என்று பிடிப்பதற்காகத்தான் தொடங்கினேன். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு எழும்பினான், எத்தனை படி ஏறினான், எடை எவ்வளவு. எடை எங்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசில் பார்த்தது. கொழும்புக்குப் போகும்போது 58 கிலோ இருந்தவன் ஜனவரியில் 49. பெப்ரவரியில் சளி பிடித்து இழுப்பு மாதிரி வந்தது. டவுனில் வேறொரு டொக்டர் ஐந்து நாளைக்குச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். அந்த ஐந்து நாள் கொப்பியை இப்போது எடுத்துப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ‘காலையில் தானாக எழும்பினான். மூன்று ரொட்டி. 87 படியும் உட்காராமல். அப்பாவோடு சிரித்தான்.’ ஆறாவது நாள் மாத்திரை இல்லை, எட்டாவது நாள் மறுபடியும் படுக்கை. சளி மருந்துக்கு வயிற்றுநோய் ஏன் குணமாக வேண்டும் என்று எனக்குக் கேள்வி வந்தது. மாத்திரையின் பெயரைத் துண்டைப் பார்த்து எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து வைத்தேன். பிரட்னிசலோன். அது என்னவென்று அன்றைக்குத் தெரியாது.

இடையில் நடந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மனநல கிளினிக்குக்கும் போனோம், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அங்கே இருந்த டொக்டர் ஒருவர்தான் முதன்முதலாக அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டவர். ஆனால் மாத்திரை குடித்து இன்னும் தூங்கினான். பெரியம்மாவின் வற்புறுத்தலில் குறி சொல்கிற கோடாங்கியிடம் பார்த்தோம். கொழும்பில் யாரோ சாப்பாட்டில் வைத்துவிட்டார்கள் என்றார், 18,000 செலவு. அப்பா தான் வேலை செய்த ஃபெக்டரிக்குப் பக்கத்தில் காவல் தெய்வமான ரோதைமுனிக்குச் சேவல் கொடுத்தார். சேவலை நான் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

பெரிய தவறு ஜூலையில். ஒரு டொக்டர் தைராய்ட் டெஸ்ட் எழுதினார், தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச். கொஞ்சம் கூடுதலாக வந்தது, தைராய்ட் குறைவு என்றார். அப்பாடா, வியாதி கிடைத்துவிட்டது என்று வீட்டில் பாயசம் வைத்தோம். தைரொக்சின் மாத்திரை தொடங்கினான். குணமாக வேண்டியவன் வாராவாரம் கீழே போனான். எடை 44. அம்மா மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டபோது, ‘மருந்து வேலை செய்ய ஆறு வாரம் எடுக்கும்னு டொக்டர் சொல்லியிருக்காரு’ என்று டீச்சர் பாணியில் அடம்பிடித்தவள் நான். பிறகு தெரிந்தது இது: அட்ரினல் சுரப்பி (தம்பிக்குப் படுத்தது அதுதான்) வேலை செய்யாதவர்களுக்கு அந்தக் குறையாலேயே டி.எஸ்.எச். கொஞ்சம் கூடிக் காட்டலாம். அதைத் தைராய்ட் என்று எண்ணி தைரொக்சின் மட்டும் கொடுத்தால், அந்தச் சுரப்பி சுரக்கிற கோர்ட்டிசோலில் உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சமும் வேகமாகச் செலவாகி ஆள் விழுந்துவிடுவார். தைரொக்சினைக் குறை சொல்லவில்லை, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு டீச்சர்மார் அதைக் குடித்து நன்றாக இருக்கிறார்கள். ஒரு புது மருந்து தொடங்கி ஆள் மோசமானால், நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்காமல் கொடுத்தவரிடமே திரும்பிப் போங்கள் என்கிறேன்.

செப்டம்பர் மாதம், நாடு முழுக்க மறுபடியும் ஊரடங்கு. ஆசிரியர் வேலைநிறுத்தமும் நடந்துகொண்டிருந்ததால் நான் வீட்டில். ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், ராத்திரி முழுக்க வாந்தி. விடியும்போது கூப்பிட்டால் முனகினான், கண் திறக்கவில்லை, கை ஐஸ். அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடித்தேன். ஊரடங்கில் வருவார்களா என்று பயந்தேன், வந்தார்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை என்பது எங்கள் லயத்தில், இந்த வரிசை வீடுகளில், பாதிப்பேருக்குத் தெரியாது. காசு கேட்பார்கள் என்று பயந்து த்ரீவீலுக்கு ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டி லயத்துக்கு இறங்காது. கம்பளியில் படுக்க வைத்து நாலு பேர் அந்த 87 படியிலும் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் வழியில் சொன்னார், “பாரமே இல்லையே டீச்சர்.” நான் கொப்பியையும் ரிப்போர்ட் பைலையும் மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. வார்டில் இருந்தது சின்ன வயது லேடி டொக்டர், சிங்களவர், படித்து முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. தம்பியின் கையைப் பிடித்து நரம்பு தேடினவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். ஈறில் நீலக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்ததை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். என்னிடம் தட்டுத் தடுமாறி, “அக்கா, தம்பி முந்தியும் இந்தக் கலர்தானா?” என்று கேட்டார். பைலில் அவனுடைய அடையாள அட்டை இருந்தது. எடுத்து நீட்டினேன். அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். உப்பு சாப்பிடுவானா என்று கேட்டார். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் டொக்டர் அவர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். கொப்பியைத் திறந்து, இரண்டு கோடு இழுத்த பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டுப் பெரிய டொக்டருக்குப் போன் பண்ண ஓடினார்.

இரத்தத்தில் சோடியம் 117, இருக்க வேண்டியது 135க்கு மேல். பொட்டாசியம் 6க்கு மேலே போயிருந்தது. கோர்ட்டிசோலுக்கு இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, ரிப்போர்ட் வரும் வரைக்கும் காத்திருக்காமல் கோர்ட்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை நான் போகும்போது தம்பி சாய்ந்து உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தான். “அக்கா, சம்பல் இருக்கா?” என்றான். பிறகு கண்டிக்கு அனுப்பி சினாக்தென் டெஸ்ட் செய்தார்கள். ஒரு ஊசி போட்டு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்து, சுரப்பி முழித்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. முழித்துக்கொள்ளவில்லை. அடிசன் நோய். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி இருக்கிற இரண்டு சின்னச் சுரப்பிகள் படுத்துவிட்டன. தோமஸ் அடிசன் என்ற டொக்டர் 1855இலேயே எழுதி வைத்த வியாதியாம். களைப்பு, இளைப்பு, வயிற்றுத் தொல்லை, தோல் கறுப்பது, எல்லாம் அவர் அன்றைக்கே எழுதியிருக்கிறார். காசநோய் அந்தச் சுரப்பியைத் தின்றாலும் இது வரும் என்பதால் அதையும் சோதித்தார்கள். எங்கள் தாத்தா காசநோயில் போனவர், அதனால் அந்த ஒரு வாரம் வீட்டில் உலை கொதிக்கவில்லை. அது இல்லை என்று வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கியிருக்கிறது என்றார்கள்.

கணக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் யாரும் காசைப் பற்றி வாய்விட்டுச் சொல்வதில்லை. சேனலிங், டெஸ்ட், ஸ்கேன், குழாய், மருந்து எல்லாம் சேர்த்து 1,86,000. வேன், த்ரீவீல், பஸ் 41,000. கோடாங்கி 18,000. அடகு வட்டி 22,000, என் தோழிகளின் சீட்டை முந்தி எடுத்ததில் நட்டம் 9,000. அம்மாவின் பேர்களைச் சேர்க்கவில்லை. 2021 மார்ச்சில் நாள் சம்பளம் ஆயிரமான பிறகு போன பேர்கள் இன்னும் வலிக்கும். அப்பாவின் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) காசில் ஒரு பங்கு கூரைத் தகரத்துக்கென்று வைத்திருந்தது, அதுவும் இதிலேயே போனது. மழைக்கு இன்றும் நடுக் காம்பராவில் சட்டி வைக்கிறோம். வியாதியைக் காட்டிக்கொடுத்த சோடியம், பொட்டாசியம் டெஸ்ட் அன்றைக்கு வெளியில் எடுத்திருந்தாலும் ஆயிரத்துச் சொச்சம்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசே இல்லை. விலை கூடின டெஸ்டுகளை எடுத்த யாரும் இதை எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. களைப்பு, இளைப்பு, வாந்தி, லோ பிரஷர் சேர்ந்து இருந்தால், ‘டொக்டர், சோடியம், பொட்டாசியம் டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். வேறு வியாதியாக இருந்தாலும் நட்டம் அந்த ஒரு டெஸ்ட் காசுதான்.

இன்னொன்று, டொக்டரை மாற்றிக்கொண்டே போனது எங்கள் பிழை. புது டொக்டர் புதிதாகத் தொடங்குவார், பழைய ரிப்போர்ட்டைப் பாதிதான் பார்ப்பார். வார்டிலிருந்து வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்காதீர்கள், கிளினிக் கொப்பியோடு ஒரே பைலில் போட்டு, எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷலிஸ்டை சேனல் பண்ணிப் பார்த்தால், அவரே எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் நடத்துகிறார் என்று கேட்டு, ஒரு கடிதம் வாங்கி அங்கே தொடருங்கள். மிகுதிச் செலவு அப்படித்தான் நின்றது. என் கதையை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் பிரட்னிசலோன் வாங்கிக் கொடுத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. அது ஸ்டீரொய்டு, கோர்ட்டிசோலின் வேலையைச் செய்கிற மருந்து; தம்பி அந்த ஐந்து நாள் எழும்பினது அதனால்தான். தேவையில்லாதவர்களுக்குக் கெடுதல் செய்யும், தேவையானவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

தம்பி இப்போது ஹைட்ரோகோர்ட்டிசோன் காலையில் 10, மத்தியானம் 5, மாலை 5 மில்லிகிராம் குடிக்கிறான். உப்பைப் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன் என்று இன்னொன்று. ஆயுள் முழுக்க. முதல் மாதத்திலேயே ஆறு கிலோ ஏறினான். ஒருநாள் படியில் அவனோடு ஏறும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டு, “விடுக்கா, நானே நம்பிட்டேன் நான் சோம்பேறின்னு” என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை, இன்னும் கேட்டபாடில்லை.

2022இல் வேறு சோதனை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன் எந்த ஃபார்மசியிலும் இல்லை. எங்களுக்குக் கிடைக்கிற வகையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். லயத்தில் ஃபிரிட்ஜ் ஏது, மேலே கடைக்கார மாமாவின் ஃபிரிட்ஜில் ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருநாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினபோது அந்த மனிதர் அதை ஈரத்துணியில் சுற்றி வைத்துக் காப்பாற்றினார். கிளினிக் டொக்டர் உப்பைக் கூட்டச் சொல்லி, மற்ற மாத்திரையின் அளவை மாற்றித் தந்து சமாளித்தார். அன்றிலிருந்து இரண்டு மாத மாத்திரை கையிருப்பு இல்லாமல் இருப்பதில்லை. மருந்து கிடைக்காவிட்டால் நீங்களாக அளவைக் குறைத்து இழுக்காதீர்கள், கிளினிக் நாள் வரைக்கும் பொறுக்காமல் வார்டுக்கே போய்க் கேளுங்கள். தம்பியுடைய பர்ஸில் மூன்று மொழியிலும் ஒரு அட்டை இருக்கிறது: இவருக்கு அடிசன் நோய், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடவும். சிங்கள வரிகளை எழுதித் தந்தது அதே மிஸ்தான்.

அந்த ஊசியில் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கிறது, ஒரு பிஸ்கட் டின்னுக்குள். போடப் பழகினது நானும் டிஸ்பென்சரி ஐயாவும், தோடம்பழத்தில் குத்திக் குத்தி. அம்மா அந்த டின்னைத் தொட மாட்டார், ஆனால் வாரம் ஒரு தடவை திறந்து இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பார். போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சொல்லிக்கொடுத்தபடி மாத்திரையை இரட்டிப்பாக்கினான், வாந்தி இல்லை, ஊசி தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் டவுனில் அவன் வேலை செய்கிற போன் கடைக்குப் போய்விட்டான். அம்மா அந்த மூன்று நாளும் பெரட்டுக்குப் போனார். மூன்றும் முழுப் பேர்.